அரசு தரும் ஆசிரியர் விருதுகள்: யாருக்கு, எதைப் பார்த்து, எந்த வழியில்?

ஒக்டோபர் பிறந்தால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து முகநூலில் பொன்னாடைப் படங்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். "எமது பாடசாலை ஆசிரியைக்கு குரு பிரதீபா பிரபா விருது" என்று ஒரு பதிவு, அடியில் நிறைய வாழ்த்து. சந்தோசமான விசயம்தான். ஆனால் அந்த விருதை யார் கொடுக்கிறார்கள், எப்படித் தெரிவு செய்கிறார்கள், எங்கள் பிள்ளையின் டீச்சருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் பெற்றோருக்கு மட்டுமல்ல, கல்வியியற் கல்லூரியை முடித்துப் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்களுக்கும் பதில் தெளிவாகத் தெரிவதில்லை. "அதெல்லாம் மேலிடத்தில் ஆள் இருந்தால்தான் கிடைக்கும்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள் அப்படி ஒதுங்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்று விசயங்களைப் பிரித்துக்கொள்வோம். ஊரில் இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, பதவி உயர்வு. இலங்கை ஆசிரியர் சேவை 1994 இல் தனிச் சேவையாக அமைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பில் தொடங்கி முதலாம் வகுப்பு வரை அதில் படிகள் உண்டு. அந்தச் சேவையின் விதிகளைச் சொல்லும் சேவைப் பிரமாணக் குறிப்பில் உள்ள ஆண்டுகளை முடித்து, வினைத்திறன் காண் தடை என்ற தகுதிகாண் கட்டத்தைத் தாண்டி, கேட்ட தகைமைகளைக் காட்டினால் அடுத்த படி. அது உழைத்தவருக்கு உரிய உரிமை. அதில் பாராட்டு எதுவும் இல்லை.

இரண்டாவது, சேவை நலன் பாராட்டு. ஓய்வு பெறும்போதோ இடமாற்றம் பெற்றுப் போகும்போதோ பாடசாலையும் பழைய மாணவர்களும் ஊராரும் சேர்ந்து எடுக்கும் விழா. பான்ட் வாத்தியத்தோடு வாசலில் இருந்து அழைத்துவருவது, வாழ்த்துப்பா வாசிப்பது, மலர் வெளியிடுவது எல்லாம் இதில் அடங்கும். அரசுக்கு இதில் பங்கு இல்லை. ஊர் கொடுக்கும் மரியாதை இது.

மூன்றாவதுதான் அரச அங்கீகார விருது. அரசு சில தகுதிகளை முன்கூட்டியே எழுத்தில் வைத்து, விண்ணப்பமோ சிபார்சோ கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்து, சிலரை மட்டும் தெரிவுசெய்து, "கடமைக்கு மேலாகச் செய்தார்" என்று உத்தியோகபூர்வமாகச் சொல்வது. எழுத்தில் உள்ள தகுதி, ஒப்பீடு, தெரிவு. இந்த மூன்றும் இருந்தால்தான் அது விருது.

நம் நாட்டில் ஆசிரியர்களுக்கான பிரதான விருது, கல்வி அமைச்சு வழங்கும் குரு பிரதீபா பிரபா. அதிபர்களும் ஆசிரியர்களும் இதைப் பெறுகிறார்கள். ஆசிரியர் தினத்தையொட்டி வழங்கப்படுவதால்தான் ஒக்டோபரோடு இதன் பெயர் சேர்ந்து வருகிறது. 1966 ஒக்டோபர் 5 இல் யுனெஸ்கோவும் சர்வதேச தொழில் தாபனமும் சேர்ந்து ஆசிரியர்களின் அந்தஸ்து பற்றிய ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. ஆசிரியரின் உரிமை, பொறுப்பு, பயிற்சி, சம்பளம் எல்லாவற்றையும் பேசும் ஆவணம் அது. அந்த நாளைத்தான் 1994 முதல் உலகம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. இலங்கையில் நாம் ஒரு நாள் தள்ளி ஒக்டோபர் 6 இல் கொண்டாடுகிறோம். இந்தியாவில் செப்டெம்பர் 5. அங்கே ஆசிரியர்களுக்கான தேசிய விருது 1958 இல் தொடங்கியது. ஆக, இது நம் ஊருக்கு மட்டும் உரிய ஏற்பாடு இல்லை. ஆசிரியரைப் பொதுமக்கள் முன்னால் நிறுத்தி மதிக்கவேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளுக்கும் பொதுவானது.

இலங்கையில் 10,000 க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. ஆசிரியர்கள் 2 இலட்சத்துக்கும் அதிகம். இவ்வளவு பேரையும் கொழும்பில் இருக்கும் ஓர் அதிகாரி நேரில் பார்த்துத் தெரிவு செய்ய முடியாது. அதனால் விருது கீழிருந்து மேலே போகிறது.

அந்த வழியைப் புரிந்துகொள்ள நம் மாகாணத்தின் கல்வி அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். கிழக்கு மாகாணத்தில் 17 கல்வி வலயங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு. அம்பாறை மாவட்டத்தில் ஏழு: அம்பாறை, மகாஓயா, தெஹியத்தகண்டி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில். ஒவ்வொரு வலயத்துக்குள்ளும் சில கோட்டங்கள். கோட்டத்துக்குள் பாடசாலைகள். பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் இருப்பவை. தேசிய பாடசாலைகள் மட்டும் நேரடியாகக் கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. விருதுக்கான அறிவித்தல் சுற்றறிக்கையாகக் கீழே வரும்: அமைச்சு, மாகாணக் கல்வித் திணைக்களம், வலயக் கல்வி அலுவலகம், அதிபரின் மேசை. விண்ணப்பம் அதே படிகளில் திரும்ப ஏறிப் போகும். எந்தப் படியில் யார் புள்ளியிடுவார்கள், எந்தத் திகதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையே தீர்மானிக்கும். போன வருடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்து இந்த வருடத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாது.

இங்கேதான் முதல் தடங்கல். சுற்றறிக்கை அதிபரின் மேசை வரைக்கும் வந்து சேர்ந்துவிடும். ஆசிரியர் ஓய்வறைச் சுவரில் ஒட்டப்படுமா என்பது அதிபரைப் பொறுத்தது. நல்ல அதிபர் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, "நீங்கள் போடுங்கோ சேர், நான் சிபார்சு எழுதித் தாறன்" என்று ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பார். வேறு சில இடங்களில் அது மற்றக் கடிதங்களோடு கோவைக்குள் போய்விடும். ஆகவே புதிய ஆசிரியர் ஒருவர் முதலில் பழக வேண்டியது கேட்பதைத்தான். அதிபரிடம் கேட்கலாம், வலய அலுவலகத்தில் ஆசிரியர் நிறுவனப் பிரிவில் கேட்கலாம், அமைச்சின் இணையத்தளத்தில் சுற்றறிக்கைப் பகுதியைப் பார்க்கலாம். கேட்பதில் வெட்கம் எதற்கு?

சரி, எதைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள்?

இப்படியான விருதுகளில் உலகெங்கும் பொதுவாகப் பார்ப்பது நான்கைந்து விசயங்கள். பிள்ளைகள் என்ன அடைந்தார்கள், ஆசிரியர் எத்தனை நாள் பாடசாலைக்கு வந்தார், கற்பித்தலில் புதிதாக எதைச் செய்தார், பாடத்துக்கு வெளியே விளையாட்டு, கலை, சாரணியம் போன்றவற்றில் என்ன பங்கு, ஊரோடு என்ன தொடர்பு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரிவுக்குழு உங்கள் வகுப்பறைக்கு வந்து பார்ப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் முன்னால் இருப்பது காகிதம். நீங்கள் பத்து வருடம் மாடாய் உழைத்திருக்கலாம். காகிதத்தில் இல்லாத உழைப்பு அந்த மேசைக்கு வந்து சேராது. விருது கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் நடுவில் பல நேரம் இருக்கும் வித்தியாசம் திறமையில் இல்லை, பதிவில்தான் இருக்கிறது. இந்த ஒரு விசயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் இலகு.

ஓர் உதாரணம் பாருங்கள். விண்ணப்பத்தில் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "மெல்லக் கற்கும் மாணவர்களின் முன்னேற்றத்துக்காக மிகுந்த அர்ப்பணிப்புடன் சேவையாற்றி வருகின்றேன்." எழுதியவர் உண்மையாகவே அர்ப்பணிப்போடு செய்தவராக இருக்கலாம். ஆனால் இந்த வரியை யாரும் எழுதலாம். புள்ளி போடுகிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "தரம் 3 இல் முதலாம் தவணையில் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாதிருந்த 9 பிள்ளைகளுக்குக் காலைக் கூட்டத்துக்கு முன் 20 நிமிட வாசிப்பு வகுப்பு நடத்தினேன். மூன்றாம் தவணையில் 7 பேர் பாடப்புத்தகத்தைத் தாமாக வாசித்தார்கள். பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், ஒவ்வொரு தவணைக்குமான வாசிப்புப் பரிசோதனைப் புள்ளி, ஆசிரிய ஆலோசகரின் மேற்பார்வைக் குறிப்பு இணைக்கப்பட்டுள்ளன." எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் வித்தியாசம் தெரிகிறதல்லவா? தொடக்கத்தில் எப்படி இருந்தது, என்ன செய்தீர்கள், முடிவில் எப்படி ஆனது, அதற்குச் சான்று எங்கே. மிச்சம் 2 பிள்ளைகள் வாசிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினால் அந்த வரிக்கு நம்பகத்தன்மை கூடும்.

சான்றுகளைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. அவை பாடசாலையிலேயே இருக்கின்றன. வகுப்பு இடாப்பு, தவணைப் புள்ளிப் பதிவேடு, பாடக்குறிப்பு, ஆலோசகரோ பணிப்பாளரோ வந்து பார்த்து எழுதிய குறிப்பு, கோட்டமட்ட, வலயமட்டப் போட்டிகளின் சான்றிதழ்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அதிபரின் அலுமாரியில் இருக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகம். பாடசாலையில் நடந்த முக்கியமான எதையும் திகதியோடு எழுதி வைக்கும் புத்தகம் அது. நீங்கள் நடத்திய வாசிப்பு முகாமோ விஞ்ஞானக் கண்காட்சியோ அதில் இரண்டு வரி ஏறியிருந்தால், ஐந்து வருடம் கழித்தும் அது பேசும். நிகழ்ச்சி முடிந்த கையோடு அதிபரிடம் சொல்லி அந்த இரண்டு வரியை எழுதுவித்துவிடுங்கள். பிறகு எழுதலாம் என்றால் பிறகு யாருக்கும் திகதி ஞாபகம் இராது.

மூலப் பிரதியை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். போட்டோக்கொப்பி எடுத்து, "உண்மைப் பிரதி" என்று அதிபரிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கி இணையுங்கள். எல்லாவற்றையும் கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். இதை நம் பகுதி ஆசிரியர்களுக்கு நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசெம்பர் சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் என்று நம் கரையில் எத்தனை அலுமாரிகள் தண்ணீரில் போயின! அதற்கு நடுவே 30 வருட யுத்தமும் இடப்பெயர்வும். கடற்கரையோரப் பாடசாலைகளில் பல ஆசிரியர்களின் பாதிச் சேவைக்காலத்துக்கு இன்று எழுத்தில் ஒரு தடயமும் இல்லை. அவர்கள் செய்த வேலைக்கு அவர்களிடம் படித்தவர்கள்தான் சாட்சி. தொலைந்ததை மீட்க முடியாது. இனி வருவதையாவது காப்போம்.

அடுத்து, நான் மிகவும் கவலைப்படும் இடம்.

மாணவர் அடைவு என்றால் உடனே பரீட்சைப் பெறுபேறுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. தரம் 5 புலமைப்பரிசிலில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல், சாதாரண தரத்தில் எத்தனை ஒன்பது ஏ, உயர்தரத்தில் எத்தனை பேர் பல்கலைக்கழகம். இவை எண்ணுவதற்கு இலகு. ஆனால் இதை மட்டும் வைத்து அளந்தால் விருது எழுவான்கரையிலேயே, அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்குப் பக்கத்திலேயே, சுற்றிக்கொண்டிருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், மட்டக்களப்பு மேற்கு வலயத்தில், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, கரடியனாறு என்று உள்ளே போகப் போக நிலைமை வேறு. மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும் வரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போன ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளைப் "பாதை" என்று நாம் சொல்லும் மிதவையில் ஏற்றித்தான் தண்ணீரைக் கடந்தார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே அந்தப் பாதைச் சேவைதான் பல காலம். மாரியில் வீதி மூழ்கும். மாலையானால் யானை. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் தாய் தகப்பன் வயல் வாடிக்குப் போனால் மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கும். தாய் மத்திய கிழக்கில் இருந்தால் வகுப்பாசிரியையே பாதித் தாய். அம்பாறைப் பக்கம் திருக்கோவில் வலயத்தின் உட்புறக் கிராமங்களிலும் இதே கதைதான். அரசே இந்தப் பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு பாடசாலையில் 15 வயதில் படிப்பை விடவிருந்த ஒரு பிள்ளையைச் சாதாரண தரம் எழுத வைப்பது, நகரத்துப் பாடசாலையில் ஏற்கனவே கெட்டிக்காரனாக இருக்கும் பிள்ளைக்கு ஒன்பது ஏ வாங்கிக் கொடுப்பதைவிடச் சிறிய வேலையா? என்னைக் கேட்டால் பெரிய வேலை. நகரத்து ஆசிரியரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே ரியூசன் இருக்கிறது, படித்த பெற்றோர் இருக்கிறார்கள், பிள்ளையைத் தூக்கிவிட இன்னும் நாலு கை இருக்கிறது. உட்கிராமத்தில் பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு ஆசிரியர் மட்டும். ஆகவே பெறுபேற்றின் உயரத்தைப் பார்ப்பதோடு, பிள்ளை எங்கிருந்து எங்கே வந்தது என்ற தூரத்தையும் தெரிவுக்குழுக்கள் பார்க்க வேண்டும்.

கஷ்டப் பிரதேச ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: உங்கள் சூழலை நீங்களே எழுதுங்கள். "அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை" என்ற ஒரு சொல் மட்டும் போதாது. வருட ஆரம்பத்தில் இடாப்பில் எத்தனை பேர், வெட்டுக் காலத்தில் நாளாந்த வரவு எவ்வளவுக்கு இறங்கும், நீங்கள் வீடு வீடாகப் போனபின் எவ்வளவுக்கு ஏறியது. இடாப்பிலிருந்தே இதை எடுக்கலாம். இடைவிலகி மீண்டும் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அதிபரிடம் இருக்கும். கிராம சேவகரோ பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரோ எழுதிய கடிதம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. புள்ளியிடுகிறவர் அந்தக் கிராமத்தை ஒருமுறையும் பார்த்திராதவராக இருக்கலாம். அவருக்குக் காட்டுங்கள்.

மற்ற விருதுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலாசார அலுவல்கள் திணைக்களம் 60 வயது கடந்த கலைஞர்களுக்குக் கலாபூஷணம் வழங்குகிறது. நாட்டுக்கூத்து, இசை, எழுத்து என்று வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம் பேர் இதைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அது கலைக்கான விருது, கற்பித்தலுக்கு இல்லை. விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர் ஊடாகப் போகும். கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் வித்தகர் விருதும் அதே வகை. ஜனாதிபதி வழங்கும் தேசிய விருதுகள் 1986 இல் தொடங்கியவை. தேசமான்ய, தேசபந்து, வித்யாஜோதி போன்றவை அதில் அடங்கும். வகுப்பறை ஆசிரியர் ஒருவருக்கு அவை கிடைப்பது மிக அரிது.

இதோடு ஓர் எச்சரிக்கை. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள நீளமான பட்டங்களைத் தனியார் அமைப்புகள் பலவும் வழங்குகின்றன. மண்டபம், மேடை, பொன்னாடை, பட்டச் சான்றிதழ், எல்லாமே அரச விழா மாதிரியே இருக்கும். கௌரவிப்பதில் தவறில்லை. ஆனால் அது அரச விருது இல்லை. வித்தியாசம் கண்டுபிடிப்பது இலகு: அரச விருதுக்குச் சுற்றறிக்கை இலக்கம் இருக்கும், எழுதிய தகுதிகள் இருக்கும், உங்கள் திணைக்களத்தின் ஊடாகவே அறிவித்தல் வரும். யாராவது தொலைபேசியில் அழைத்து, "உங்களைத் தெரிவு செய்திருக்கிறோம், பதிவுக் கட்டணமாக இவ்வளவு வைப்பிலிடுங்கள்" என்றால் அது அரசு இல்லை. ஓய்வூதியத்திலிருந்து ஐயாயிரம், பத்தாயிரம் எடுத்துக் கட்டிவிட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வயதான ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 35 வருடம் படிப்பித்த ஒருவரை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், சொல்கிற இடத்தைத் தேடி அவர் போகத்தான் செய்வார். வருத்தம் அவர்மேல் இல்லை, சொல்லாமல் விட்ட எங்கள்மேல்தான்.

விருது கிடைத்தால் சம்பளம் கூடுமா என்று கேட்கிறார்கள். தர உயர்வு சேவைப் பிரமாணக் குறிப்பின்படிதான் நடக்கும். விருதால் தானாகத் தரம் உயராது. ஆனால் வேறு பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது அந்த வர்த்தமானியின் புள்ளித்திட்டத்தைக் கவனமாக வாசியுங்கள். விருதுகளுக்கென்று இடம் இருந்தால் சான்றிதழ் உதவும்.

அப்புறம், இந்தக் கட்டுரையில் நான் சொல்லியே ஆகவேண்டிய ஒரு விசயம் இருக்கிறது.

பாடசாலை என்பது அதிபரும் ஆசிரியரும் மட்டுமா? காலையில் கேற்றைத் திறக்கும் காவலாளி, மணி அடித்துச் சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோகும் அலுவலக உதவியாளர், அமிலப் போத்தலையும் பிப்பெட்டையும் பழுதில்லாமல் காத்துவரும் ஆய்வுகூட உதவியாளர், நூலகத்தில் கிழிந்த புத்தகத்தை ஒட்டிக் கொடுப்பவர், சம்பளப் பட்டியல் தொடக்கம் பிள்ளையின் விடுகைப் பத்திரம் வரை எழுதும் முகாமைத்துவ உதவியாளர், மலசலகூடத்தைச் சுத்தம் செய்யும் அக்கா. குரு பிரதீபா பிரபா இவர்களுக்கு உரியதில்லை. வெள்ளம் ஏறும்போது இரவோடிரவாக இடாப்புகளையும் கணினிகளையும் மேசைக்கு மேலே தூக்கி வைத்தவர் யார் என்று நம் பக்கத்துப் பாடசாலைகளில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காவலாளியின் பெயரைத்தான் சொல்வார்கள். மேலே நான் அவ்வளவு பேசிய சான்றுகள் இன்றைக்கும் இருக்கின்றன என்றால் அந்த மனிதரால்தான் இருக்கின்றன.

இவர்களையும் சேர்த்துப் பார்ப்பது நடைமுறையில் முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த தேசிய ஆசிரியர் என்ற விருது 1952 முதல் இருக்கிறது. ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்குத் தேசிய அளவில் விருது வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 2019 இல்தான். பாடசாலை பஸ் ஓட்டுநர், சமையல் பகுதியினர், துப்புரவுப் பணியாளர், காரியாலயத்தார் என்று பலரிலிருந்தும் மாநில ஆளுநர்கள் பெயர்களைச் சிபார்சு செய்கிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. எழுத்துவேலை, பராமரிப்பு, உணவு, காவல், போக்குவரத்து என்று வேலை வகைக்குத் தனித்தனியாக ஆண்டின் சிறந்த ஊழியரைத் தெரிவு செய்கிறார்கள். சமையல்காரரைக் கணக்குப் பதிவாளரோடு ஒப்பிட முடியாது என்பதால்தான் இந்தப் பிரிப்பு. நல்ல யோசனை. நம் மாகாணக் கல்வித் திணைக்களம் நினைத்தால் இதே மாதிரி ஒன்றை 17 வலயங்களுக்கும் தொடங்கலாம். செலவு பெரிதாக வராது.

இப்போதைக்கு நம்மிடம் இருக்கும் வழி தேசிய உற்பத்தித்திறன் விருது. தேசிய உற்பத்தித்திறன் செயலகம் நடத்தும் அந்தப் போட்டியில் பாடசாலைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அது தனி மனிதருக்கு இல்லை, முழு நிறுவனத்துக்கும். ஐந்து எஸ் என்று பாடசாலைச் சுவர்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; வேலையிடத்தை ஒழுங்காக வைத்திருக்கும் முறை அது. களஞ்சிய அறை ஒழுங்காக இருக்கிறதா, கோவை கேட்ட உடனே எடுக்க முடிகிறதா, தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, முற்றம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் மதிப்பீட்டாளர்கள் வந்து பார்ப்பார்கள். இதில் பாதிக்கு மேல் ஆசிரியர் அல்லாதவர்களின் கைவேலை. ஆனால் விருது வாங்க மேடைக்கு யார் போகிறார்கள் என்று பாருங்கள். அதிபரோடு காவலாளியையும் அலுவலக உதவியாளரையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன? போகிற வான் வண்டியில் இரண்டு இருக்கை கூடுதலாகத் தேவைப்படும். அவ்வளவுதான்.

சுற்றறிக்கை வரும் வரைக்கும் காத்திருக்காமல் பெற்றோரே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லுங்கள். இன்ன ஊழியர் இன்ன காலத்தில் இன்ன வேலை செய்தார் என்று தீர்மானமாக எடுத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதிபர் ஊடாகக் கடிதம் அனுப்புங்கள். அதன் பிரதி ஒன்றை அந்த ஊழியரின் சுயவிபரக் கோவையில் சேர்க்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். சம்பள ஏற்றத்தின்போதும் இடமாற்றத்தின்போதும் யாராவது அந்தக் கோவையைத் திறப்பார்கள். பொதுவாக அதற்குள் நியமனக் கடிதமும் லீவு விபரமும் எப்போதாவது வந்த விளக்கக் கடிதமும்தான் இருக்கும். நீங்கள் எழுதும் கடிதம்தான் அதில் முதலாவது பாராட்டாக இருக்கப் போகிறது. "எங்கள் பியோன்" என்று எழுதிவிடாமல் முழுப் பெயர், பதவிப் பெயர், இந்தப் பாடசாலைக்கு வந்த திகதி, செய்த வேலை நடந்த திகதி எல்லாம் சரியாக இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் அவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். திகதி பிழையென்றால் அவர்தான் திருத்தித் தருவார்.